பூட்டிய வீடுகளின் ஊர்: செட்டிநாடு ஏன் காலியானது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் அப்பா நாற்பது வருடம் மூன்று செட்டியார் வீடுகளுக்குச் சாவி வைத்திருந்தார். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீடாகத் திறந்து, பெருக்கி, சாமி அறையில் விளக்கேற்றி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பூட்டி வருவார். நானும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். இப்போது அந்தச் சாவிக்கொத்து என் கையில் இருக்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இவை கைவிடப்பட்ட ஊர்களா?

வருவாய்த்துறைக் கணக்கில் குடியிருப்பு இல்லாத கிராமத்துக்கு 'பேச்சிராக்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த சொல். விளக்கில்லாதது என்று பொருள். நிலம் இருக்கும், சர்வே எண் இருக்கும், பட்டா இருக்கும், இருட்டினால் விளக்கேற்ற ஆள் இருக்காது.

செட்டிநாட்டு ஊர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தெருவுக்குப் பத்து வீடு பூட்டிக் கிடக்கும், பதினோராவது வீட்டில் வயதான ஆச்சி ஒருவர் இருப்பார், பின்தெருவில் எங்களைப் போன்றவர்கள் இருப்போம். பூட்டியிருக்கிற வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் பிறந்து வளர்ந்த சென்னையைச் சொல்லமாட்டார், இந்த ஊரைத்தான் சொல்வார். அதனால் 'கைவிடப்பட்ட' என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. 'பூட்டிய' என்பதே சரி.

செட்டிநாடு என்பது எத்தனை ஊர்?

96 ஊர்கள் என்பது மரபாகச் சொல்லும் கணக்கு. இன்று நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு அதுதான் பெயர்) ஊர் என்று எண்ணப்படுவது எழுபதுக்குச் சற்று மேல். சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, கண்டனூர், நாட்டரசன்கோட்டை, வலையபட்டி, கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி என்று சொல்லிக்கொண்டே போகலாம். மீதி ஊர்களில் நகரத்தார் குடியிருப்பு இல்லாமல் போய்விட்டது. ஊர் இருக்கும், அவர்கள் பெயர் சொல்ல வீடு இருக்காது. ஒரு ஊரின் செட்டியார்கள் வேறு ஊருக்கு மாறிப்போவது பழைய காலத்திலும் நடந்ததுதான். காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுக் கிளம்பிப் பாண்டிய நாட்டுக்கு வந்தோம் என்பதே நகரத்தாரின் பூர்வகதை. கிளம்பி வந்த கதையோடுதான் அவர்கள் வரலாறே தொடங்குகிறது.

இந்த வறண்ட பூமியில் இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?

இங்கிருந்து வரவில்லை. செம்மண், முள்காடு, மழையை நம்பிய கண்மாய், அவ்வளவுதான் எங்கள் நிலம். பணம் கடல் தாண்டி வந்தது. வெளிநாட்டுத் தொழிலுக்குப் போவதை அவர்கள் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று போனார்கள். வீட்டுப் பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பையன் வட்டிக்கடையில் பெட்டியடியாக (கடைப்பையனாக) சேர்ந்து, அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு அடுத்த ஆள்), ஏஜெண்டாகி, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவான். கொஞ்ச நாள் தங்கிவிட்டு அடுத்த கணக்குக்கு மறுபடி கப்பல் ஏறுவான்.

1852 போருக்குப் பிறகு கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை கிடைத்தது. காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்காரர்களின் வங்கிகள் அவனை உள்ளே விடமாட்டார்கள். செட்டியார் கடை கொடுத்தது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன, அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அன்றைய 75 கோடி என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பணம்தான் பர்மாத் தேக்காக, இத்தாலிச் சலவைக்கல்லாக, ஜப்பான் பூ ஓடாக இங்கே வந்து இறங்கியது. 1850-க்கும் 1940-க்கும் இடையில்தான் பெரும்பாலான வீடுகள் எழுந்தன. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (அறைகள் சூழ்ந்த உள்முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் போகும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும்.

அப்புறம் என்னதான் நடந்தது?

பர்மா போனது. ஒரே நாளில் போகவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் போனது.

முதல் அடி 1930-ல் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. விவசாயி கடனைக் கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. வெளியிலிருந்து பார்த்தால் சொத்து பெருகியதுபோலத் தெரியும். உண்மையில் கையிலிருந்த காசு அத்தனையும் விற்க முடியாத சேறாக மாறிவிட்டது. அதோடு, தலைமுறையாக உழுத நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்குச் செட்டியார்மேல் கோபம் வளர்ந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இங்கே இருக்கிற தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும்போது அந்த விவசாயியையும் நினைத்துக்கொள்வேன்.

1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் ரங்கூன்மீது குண்டு போட்டது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். 1942-ல் இப்படிப் புறப்பட்ட இந்தியர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் பசியிலும் போய்விட்டார்கள். நடந்தவர்களில் செட்டியார்களைவிடக் கூலிக்குப் போன தமிழரும் தெலுங்கரும் ஒரியரும்தான் மிக அதிகம். செட்டிநாட்டுக் கதை சொல்லும்போது அவர்கள் விட்டுப்போய்விடக் கூடாது.

போர் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கு 1948 காத்திருந்தது. பர்மா சுதந்திரம் அடைந்த அதே வருடம் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. ஈட்டுத்தொகைக்குச் சட்டத்தில் இடம் இருந்தும் கைக்கு வந்தது சொற்பம். 1962-ல் ராணுவ ஆட்சி, 1963-ல் வங்கிகள் நாட்டுடைமை, 1964-ல் கடைகள் நாட்டுடைமை. அதே 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மிச்சம் இருந்தவர்களும் கட்டிய துணியோடு கப்பல் ஏறினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் பர்மிய எழுத்தில் முத்திரை குத்திய பத்திரங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, மஞ்சள் துணியில் சுற்றி. அந்த வீட்டு ஐயா இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து மறுபடி கட்டி வைப்பார். எல்லாம் வயல்கள். எந்த ஊர் வயல் என்று படிக்க இப்போது யாருமில்லை.

பர்மா ஒன்றுதான் காரணமா?

பெரிய காரணம் அது. மலேயாவையும் ஜப்பான் பிடித்தது, ஆனால் போருக்குப் பிறகு அங்கே தொழில் ஓரளவு தொடர்ந்தது. இலங்கையில் குடியுரிமைச் சிக்கல், வியட்நாமில் 1975-ல் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி. ஒவ்வொரு வாசலாக மூடிக்கொண்டே வந்தது.

இன்னொரு பக்கம், பணம் மிஞ்சியவர்கள் புதிய தொழிலுக்கு மாறினார்கள். நூற்பாலை, வங்கி, காப்பீடு, சினிமா எதுவும் ஊரில் வைத்து நடத்த முடியாதவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. அந்த மூன்றில் வேகமாக வளர்ந்தது சென்னைதான். ஆட்களும் அங்கேதான் போனார்கள். வட்டிக்கடைக் காலத்தில் ஆண் மட்டும் போவான், பெண்ணும் பிள்ளையும் வீட்டில் இருப்பார்கள். சென்னைக்குப் போகும்போது குடும்பத்தோடு போனார்கள், பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்தார்கள். ஊர் காலியானது அதனால்தான் என்பது என் எண்ணம். பணம் போனதைத் தாங்கிக்கொண்ட ஊர், பெண்கள் போனதைத் தாங்கவில்லை.

தண்ணீர்ப் பஞ்சத்தால் கிளம்பினார்களா?

இல்லை. மழை குறைந்த பூமி என்பதால் ஆரம்பத்திலேயே தண்ணீருக்கு வழி செய்துதான் ஊர் கட்டினார்கள். வீட்டுக் கூரை எல்லாம் வளவு முற்றத்தை நோக்கிச் சரியும். அங்கே விழும் மழைநீர் அண்டாவில் பிடித்தது போக மீதி வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். கல்படி கட்டிய, குளிக்கவோ துணி துவைக்கவோ விடாத குடிதண்ணீர் ஊருணிகள் ஊருக்கு ஊர் உண்டு. இப்போது பல ஊர்களில் வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் போனதால் ஆள் போகவில்லை. ஆள் போனதால் தண்ணீர் போனது.

தனுஷ்கோடி மாதிரி என்று சொல்லலாமா?

பலர் கேட்கிறார்கள். ராமேஸ்வரம் போய்விட்டு இங்கே வருகிறவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றும். தனுஷ்கோடியை ஒரே இரவு அழித்தது. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வந்த புயலில் ரயில் நிலையம், தேவாலயம், தபால் ஆபீஸ், பாம்பனிலிருந்து வந்த ரயில் எல்லாம் போயின. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்தது. இங்கே அப்படி ஒரு இரவு கிடையாது. எந்த வருடம் ஊர் காலியானது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் இரண்டு இடத்துக்கும் உறவு உண்டு. 1914-க்குப் பிறகு கொழும்புக்குப் போன செட்டியார்கள் பலர் தனுஷ்கோடியில் இறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள்.

கீழடியும் சிவகங்கை மாவட்டம்தானே?

ஆமாம். அது இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய ஊர், மண்ணுக்கடியில் போய்விட்டது. அதையும் இதையும் முடிச்சுப்போட என்னிடம் எதுவும் இல்லை.

வீட்டை ஏன் சரிசெய்யாமல் விடுகிறார்கள்? மனசில்லையா?

மனசு இருக்கிறது. கையெழுத்து கிடைக்கவில்லை.

ஒரு வீட்டைக் கட்டிய ஐயாவுக்கு நான்கு பிள்ளைகள் என்று வையுங்கள். வளவைச் சுற்றி ஆளுக்கு அறை. கல்யாணம் ஆனதும் அந்த அறையில் பெண்ணின் சீர்வரிசைச் சாமான் வரும், பூட்டு விழும். வளவும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது. மூன்று தலைமுறையில் நான்கு பங்காளி முப்பது பங்காளி ஆகிவிடுவார்கள். விற்கவோ, பெரிய மராமத்து பார்க்கவோ முப்பது பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் கோர்ட்டில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல்.

ஒன்று சொல்கிறேன். நாங்கள் பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்றில் ஒரு ஐப்பசி மழையில் அறைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. எங்களிடம் இருப்பது தலைவாசல் சாவி மட்டும். அந்த அறைச் சாவி வெளிநாட்டில் இருந்தது. அப்பா போன் போட்டுச் சொன்னார். அவர்களும் வரத்தான் நினைத்தார்கள். வந்து சேர இரண்டு மழைக்காலம் ஆனது. கதவைத் திறந்தபோது வாசல் வரை ஒரு புளித்த வாடை. அந்த அம்மாவின் கல்யாணச் சீர் அது. எனாமல் அடுக்கு துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. ஓலைக் கொட்டான்கள் தொட்டவுடன் பொடிந்தன. பித்தளைக் குடத்தில் மட்டும் விலாச எழுத்து (குடும்பப் பெயரின் முதலெழுத்துகள்) பச்சைக் களிம்புக்கு நடுவில் தெரிந்தது. வந்த மகள் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு கெட்டியாகக் கட்டிய வீடு எப்படி இடிகிறது?

கூரையிலிருந்து. சுவர் நூறு வருடம் நிற்கும். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரை, மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு; இன்னமும் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆனால் நாட்டு ஓடு அடுக்கடுக்காக வேய்ந்தது. குரங்கு ஓடினாலே நகரும். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், கூலியும் சாமானியம் இல்லை. ஒரு ஓடு நகர்ந்தால் தண்ணீர் சட்டத்தில் இறங்கும், சட்டம் இற்றால் பக்கத்து ஓடுகள் சரியும், ஈரச்சுவரில் பறவை போட்ட அரச விதை முளைக்கும். அரசங்கன்று இடுப்பு உயரம் வந்துவிட்டால் அந்தச் சுவரை மீட்பது கஷ்டம். கன்று விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிப்போட்டால் போதும். அதற்குத்தான் ஒரு ஆள் வேண்டும்.

இடித்த வீட்டுச் சாமான் எங்கே போகிறது?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் தெரியும். தூண், நிலை, கதவு, ரவிவர்மா படம், பீங்கான் ஜாடி, மரப்பாச்சி என்று கடை கடையாக இருக்கும். அங்கிருந்து ஹோட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வாங்காவிட்டால் அது விறகாகும். ஆனாலும் நிலையைப் பெயர்த்து லாரியில் ஏற்றும் நாளில் நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

செட்டியார்கள் போன பிறகு ஊரில் இருப்பவர்கள் யார்?

இதை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஒரு பெரிய வீடு ஓடினால் அதைச் சுற்றி தச்சர், கொத்தனார், பொற்கொல்லர், சமையற்காரர், சலவை செய்பவர், பூக்கட்டுபவர், வண்டிக்காரர் என்று பல அடுப்பு எரியும். வீடு பூட்டியதும் அந்த அடுப்புகளும் அணைந்தன. சிலர் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் வளைகுடாவுக்கு. மிஞ்சியவர்கள் விவசாயம், நூறு நாள் வேலை, காரைக்குடியில் கடை வேலை என்று இருக்கிறோம். செட்டியார்கள் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள்.

ஆத்தங்குடியில் மட்டும் தரைக்கல் தொழில் ஊரை விடவில்லை. கண்ணாடிப் பலகையில் வண்ணத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கைவேலை. அந்த ஊர் மணலுக்கு ஒரு பேர் உண்டு. வேலை இருக்கிற ஊரில் இளவட்டங்களும் இருக்கிறார்கள்.

காரைக்குடி மட்டும் எப்படி வளர்ந்தது?

பெருமளவுக்கு ஒரு மனிதரால். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே கொண்டுவந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். அழகப்பர் கல்லூரிகளும் கட்டினார். அவற்றை ஒட்டி 1985-ல் பல்கலைக்கழகம் வந்தது. ஆசிரியர், மாணவர், விடுதி, மெஸ், புத்தகக் கடை என்று ஊர் நிறைந்தது. 2024-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது. அதே பர்மாப் பணக்காலத்தில் எழுந்த பக்கத்து ஊர்களில் எல்லாரும் வீட்டைக் கட்டினார்கள், கோவிலைக் கட்டினார்கள். நாளைக்கு வெளியூர்க்காரர் வந்து தங்குவதற்கு ஒரு காரணத்தைக் கட்டியது காரைக்குடியில்தான் நடந்தது.

'புள்ளி' என்கிறார்களே, அது என்ன?

ஊர் இன்னும் பேச்சிராக் ஆகாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். நகரத்தாருக்கு ஒன்பது கோவில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை கோவிலிலிருந்தும் பெண் கோவிலிலிருந்தும் மாலை வரவேண்டும். கல்யாணமான தம்பதி கோவில் கணக்கிலும் ஊர்க் கணக்கிலும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கட்டுவார்கள். துபாயில் இருந்தாலும் புள்ளி இங்கேதான். ஆளில்லாத ஊருக்குக்கூட நூற்றுக்கணக்கில் புள்ளி இருக்கும்.

அதனால்தான் அறுபதாம் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) வீட்டைத் திறக்கிறார்கள். பத்து நாளுக்கு முன்பே எனக்குப் போன் வரும்: "சாவி எடுத்து வை, தங்கச்சி. வளவைக் கழுவி விடணும்." ஐந்து வயதுப் பேத்தி, இதற்குமுன் இந்த ஊரைப் பார்க்காதவள், முற்றத்தில் ஓடுவாள். மூன்று நாள் கழித்துப் பூட்டு விழும்.

அரசோ உலக அமைப்புகளோ எதுவும் செய்கிறதா?

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்ந்தன. அது முதல் படி, உலக மரபுரிமை அந்தஸ்து கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. பங்காளிகள் ஒத்துப்போன வீடுகள் அவை.

பார்க்க வரலாமா? எப்போது வரலாம்?

தாராளமாக வாருங்கள். ஆத்தங்குடியில் கட்டணம் கட்டி உள்ளே பார்க்கிற வீடு உண்டு, கானாடுகாத்தானில் தெருவிலேயே நடந்தால் முகப்புகளைப் பார்க்கலாம். 'பேய் வீடு' என்று வீடியோ எடுக்கச் சுவர் ஏறாதீர்கள்; யாரோ ஒருவரின் தாயார் சீர்வரிசை உள்ளே இருக்கிறது. காவலுக்கு இருப்பவரைக் கேளுங்கள். முடிந்தால் திறந்து காட்டுவோம், முடியாவிட்டால் வருத்தப்படாதீர்கள், உரிமை எங்களுடையது இல்லை.

ஊர் நிறைந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தை மாதம் வாருங்கள். பொங்கல் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகி கோவில் முன்னால் செவ்வாய்ப் பொங்கல். முதல் பானை யாருக்கு என்று சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். அப்புறம் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான பானைகள் ஏறும். சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் போய்விடுங்கள், புகையில் பிறகு இடம் கிடைப்பது சிரமம்.